பழைய ஆர்கேட் கேம் போர்டுக்கு உயிர் கொடுப்பது எப்படி? மலையகத்துப் புதியவர்களுக்கு

காசு போட்டு விளையாடும் பெரிய கேம் மெஷின்கள் பழைய இரும்புக்குப் போன பிறகும், உள்ளே இருந்த சர்க்கிட் போர்ட் மட்டும் எப்படியோ தப்பிவிடும். பிறகு ஒருநாள் "வேலை செய்யுமா தெரியாது" என்ற ஒற்றை வரியோடு விற்பனைக்கு வரும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் கிடைக்கும் போர்டுகளில் செத்துப்போனதைவிட ஈரம் குடித்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் சோல்டரிங் அயனைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வேண்டியது பிரஷ், அழிறப்பர், மல்டிமீட்டர்.

முதல் படி: கரண்ட் கொடுக்காதீர்கள்

வாங்கி வந்ததும் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். குளிரில் கிடந்த போர்டைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் பூக்கும். ஓர் இரவு சும்மா வையுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் நன்றாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஐசி (சில்லு) எந்த சொக்கட்டில் (அதைச் செருகும் தாங்கியில்), எந்தத் திசையில் இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. வேலைக்கு உட்காரும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். கம்பளியும் செயற்கை நூலும் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் ஐசியைக் கொன்றுவிடும். குளிர்கிறதே என்றால் பருத்தியில் இரண்டு சட்டை போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பேட்டரி

சில போர்டுகளின் ஓரத்தில் சிறிய உருளையாக நிக்கல்-கட்மியம் பேட்டரி இருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தம். கட்டரால் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தக் கசிவு காரம் என்பதால், பஞ்சில் கொஞ்சம் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுத் தடவினால் முறியும். உடனே சுத்தமான நீரால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டு உலர்த்துங்கள். அமிலத்தை அப்படியே விட்டால் அதுவே செம்பைத் தின்னத் தொடங்கும்.

ஒரு முக்கியமான விலக்கு: கேப்கொம் கம்பெனியின் சிபிஎஸ் 2 போன்ற போர்டுகளில் இருக்கும் லித்தியம் பேட்டரியைத் தொடவே வேண்டாம். கேமின் பூட்டைத் திறக்கும் சாவி அந்தப் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கிறது. கழற்றினால் கேம் ஓடாது. சாவியைத் திரும்ப எழுதும் வழி இப்போது உண்டு என்றாலும், அது முதல் போர்டில் கைவைக்கிற வேலை இல்லை.

மூன்றாம் படி: துடைப்பு

பாதிப் போர்டுகள் இந்தப் படியிலேயே எழுந்துவிடும் என்று சொல்லலாம். மென்மையான பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் நனைத்துத் தேய்த்து எடுங்கள். கனெக்டர் செருகும் விளிம்பில் வரிசையாக உலோகப் பட்டைகள் இருக்கும். அவற்றை வெள்ளை அழிறப்பரால் நீளவாக்கில் தேய்த்தால் கறுப்பு போய்ப் பளபளப்பு வரும். உப்புத்தாள் கூடாது. மேல் முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும்.

பிறகு சொக்கட்டில் இருக்கும் ஐசிகள். கேம் பதிந்திருக்கும் ரொம் ஐசிகளின் கால்களுக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால், ஈரக்காற்றில் கரிபிடித்தது போல் கறுத்திருக்கும். அப்படிக் கறுத்த கால் தோளில், உடலோடு சேரும் இடத்தில், 'டிக்' என்று ஒடியும். எனவே ஒரு பக்கத்தை மட்டும் நெம்பாதீர்கள். தட்டையான சிறிய திருப்புளியால் இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம் என்று மாறி மாறித் தூக்குங்கள். கால்களை மெல்லத் துடைத்து, படத்தைப் பார்த்து அதே திசையில் திரும்பச் செருகுங்கள்.

ஈப்ரொம் (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரொம்) ஐசியின் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதை மூடிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்தால் உள்ளே இருக்கும் கேம் அழிந்துவிடும்.

போர்டை நீரில் கழுவுபவர்களும் உண்டு. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அந்த ஆசையே வேண்டாம், உலராது. அதே நாட்களில் பதுளைப் பக்கம் நல்ல வெயில் அடிக்கும், அங்கே தாராளமாகக் கழுவலாம்.

நான்காம் படி: அளந்து பார்த்தல்

1985இல் வந்த ஜம்மா என்ற பொதுமுறைக்குப் பிறகு பெரும்பாலான போர்டுகளுக்கு 56 முனைக் கனெக்டர் ஒன்றே. ஒரு பக்கத்துக்கு 28. இரு பக்கமும் 1, 2, 27, 28 தரை (கிரவுண்ட்). 3, 4 ஐந்து வோல்ட். 6 பன்னிரண்டு வோல்ட். 5ஆம் முனை கழித்தல் ஐந்து வோல்ட். அது பெரும்பாலான போர்டுகளுக்குத் தேவைப்படாது. 7ஆம் இடம் வெறுமையாக இருக்கும், கனெக்டரைத் தலைகீழாகச் செருகாமலிருக்க. அந்தத் தடுப்பு இல்லாத மலிவுக் கனெக்டர் வாங்கினால் மார்க்கரால் நீங்களே குறியிட்டுக்கொள்ளுங்கள். ஜம்மாவுக்கு முந்திய போர்டுகளுக்கு அதனதன் வரைபடத்தைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஐந்து வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே அளவுங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் எங்கோ ஷோர்ட். எரிந்த கெப்பாசிட்டரோ, பின்பக்கம் ஒட்டிக்கொண்ட ஈயத்துளியோ இருக்கிறதா என்று தேடுங்கள். அது தீரும்வரை கரண்ட் கிடையாது.

ஐந்தாம் படி: கரண்ட்

பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளை போதும். சிவப்பு ஐந்து, மஞ்சள் பன்னிரண்டு, கறுப்பு தரை. பச்சை வயரை ஒரு கறுப்போடு சேர்த்தால் ஓடத் தொடங்கும். சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே 230 வோல்ட். இடி முழங்கும் மாலைகளில் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.

ஐந்து வோல்ட்டை சப்ளையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், மெல்லிய வயரில் வரும் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். போர்டில், ஓர் ஐசியின் காலிலேயே அளவுங்கள். 4.75க்குக் கீழே போனால் படம் சிதறும், கேம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். "போர்ட் செத்துவிட்டது" என்று விற்றுத்தள்ளியவற்றில் சில இந்த மெல்லிய வயரின் பாவம்தான். தடித்த வயர் போடுங்கள், 3, 4 இரண்டிலும் கொடுங்கள்.

படம் பார்க்க மொனிட்டரை நேரே பொருத்த முடியாது. போர்ட் தருவது 15 கிலோஹெர்ட்ஸ் படம், கொம்பியூட்டர் மொனிட்டருக்குக் குறைந்தது 31 வேண்டும். ஜிபிஎஸ் 8200 என்ற மலிவு மாற்றிப் பலகை இடையில் இருந்தால் சரி. கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நிறம் வெளுத்துத் தெரிந்தால் பலகையிலுள்ள சிறு திருகுகளால் அளவைக் குறையுங்கள்.

இதற்குப் பிறகும் குப்பையாகத் தெரிந்தால் ரொம்களை ஒரு ரீடரில் படித்து, மேம் எமுலேட்டரில் (ஆர்கேட் கேம்களைக் கொம்பியூட்டரில் ஓட்டும் மென்பொருள்) பதிவாகியிருக்கும் செக்சம்மோடு (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) ஒப்பிடுங்கள். பொருந்தாதது பழுதானது. சத்தம் மட்டும் வரவில்லையென்றால் அம்ப்ளிஃபயர் ஐசியைச் சுற்றியுள்ள மின்பகு கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். சோல்டரிங் அயனுக்கு முதல் வேலை இதுதான், கற்றுக்கொள்ளவும் நல்ல இடம்.

ஓடத் தொடங்கியதும் போர்டைச் சுவர் அலமாரியில் சாய்த்து வைக்காதீர்கள், இங்கே சுவரே வியர்க்கும். நிலைமின்சாரம் தடுக்கும் பையில் போட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே உள்ளீரம் உலர்ந்துவிடும்.