காளி லினக்ஸை மூடு, ஜூஸ் கடையைத் திற

சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணா, ஹேக்கிங் கத்துக்கணும். காளி லினக்ஸ் போட்டாச்சு, அடுத்து என்ன?" காளி லினக்ஸ் என்பது ஹேக்கிங் கருவிகள் நிரம்பிய இயங்குதளம். முதல் வேலையாக அதை மூடச் சொன்னேன். அதிலிருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தே ஆறு மாதத்தைத் தொலைத்தவன் நான். ஒரு பாதுகாப்பு ஓட்டைகூடச் சிக்கவில்லை.

ஒரு வாரம் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியை மட்டும் பாருங்கள். என்ன போகிறது, என்ன வருகிறது, குக்கி (தளம் உங்களை அடையாளம் காண வைக்கும் சிறு தகவல்) எதில் ஒட்டிக்கொண்டு போகிறது, சர்வர் தரும் பதில் எண்களில் 200க்கும் (சரி) 302க்கும் (வேறிடம் போ) 403க்கும் (அனுமதியில்லை) என்ன வித்தியாசம். சலிப்பாகத்தான் இருக்கும்.

பிறகு டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப்பை ஏற்றுங்கள். ஓவாஸ்ப் என்பது இணையப் பாதுகாப்புக்கான லாபநோக்கற்ற அமைப்பு. வேண்டுமென்றே ஓட்டை வைத்துக் கட்டிய கடை. உங்கள் கணினிக்குள்ளேயே 3000ஆம் போர்ட்டில் ஓடும். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் பர்ப் சூட் கம்யூனிட்டி எடிஷன் இலவசம். அதற்குள் வரும் பிரவுசரில் கடையைத் திறந்து, கணக்குத் தொடங்கி, கூடையில் ஒரு ஆப்பிள் ஜூஸைப் போடுங்கள். கூடையைத் திறந்ததும் பர்ப்பின் ஹிஸ்டரியில் 'ரெஸ்ட்/பாஸ்கெட்/6' என்பதுபோல ஒரு வரி விழும். எண் உங்களுக்கு வேறாக இருக்கலாம். அதை ரிப்பீட்டருக்கு (கோரிக்கையை மாற்றித் திரும்ப அனுப்பும் பர்ப்பின் பகுதி) அனுப்பி, கடைசி எண்ணை 1 ஆக்கி, செண்ட் கொடுங்கள்.

200 வரும். கீழே வேறு யாருடைய கூடையோ விரிந்து கிடக்கும்.

'நீ யார்' என்று சர்வர் கேட்டது. 'இது உன் கூடையா' என்று கேட்கவில்லை. இதற்குப் பெயர் ஐடோர் (IDOR): எண்ணை மாற்றினாலே அடுத்தவர் தரவு கிடைத்துவிடும் ஓட்டை. 2021 ஓவாஸ்ப் டாப் 10 பட்டியலில் முதலிடம் பிடித்த அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளில் இது ஒரு வகை. எல்லோரும் முதலில் ஓடிப்போய்ப் படிக்கும், உள்ளீட்டில் கட்டளையைப் புகுத்தும் இன்ஜெக்‌ஷன் அதில் மூன்றாவதுதான்.

அடுத்து, பர்ப்பை உருவாக்கிய போர்ட்ஸ்விக்கரின் பயிற்சித் தளமான வெப் செக்யூரிட்டி அகாடமி. காசில்லை. அணுகல் கட்டுப்பாடு, லாகின், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் அந்நிய ஸ்கிரிப்டைப் புகுத்துவது) என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் முக்கால் மணி நேரமாவது முட்டி மோதாமல் விடையைத் திறக்காதீர்கள்.

படிக்கிற காலத்தில் ஒரு ரிசல்ட் தளத்தில் பதிவெண்ணை இப்படித்தான் மாற்றிப் பார்த்தேன். அடுத்தவன் மார்க் வந்தது. பெருமையாகப் போய்ச் சொன்னேன். பாராட்டுக்குப் பதில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் கணினிக் குற்றங்களுக்கான பிரிவு 66ஐப் பிற்பாடு படித்தபோது வயிற்றைக் கலக்கியது: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே வெளித் தளம் எதையும் தொடும் முன் அவர்களுடைய பக் பவுண்டி (ஓட்டையைக் கண்டு சொல்வோருக்குப் பரிசு தரும் திட்டம்) விதிகளை வாசியுங்கள். அனுமதித்த முகவரிகளுக்குள் நில்லுங்கள். சோதனைக்கு நீங்களே இரண்டு கணக்கு தொடங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்டிப் பாருங்கள். அடுத்தவர் தரவு தேவைப்படாது. அறிக்கையில் அனுப்பியது, வந்தது, திரும்பச் செய்து பார்க்கும் வழி மூன்றும் இருக்கட்டும். தற்செயலாக எதுவும் கண்ணில் பட்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாவிட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கு எழுதலாம்.