வெடிப் புகைக்கு நுளம்பு சாகுமோ? எண்ணப் போய் நான் விட்ட பிழைகள்

தீபாவளிக்கு வெடி கொளுத்தினால் வளவில் உள்ள நுளம்பு முழுக்கச் செத்துப்போகும் என்பது அம்மம்மாவின் கட்சி. வெடிமருந்தில் கந்தகம் இருக்கிறது, புகை எங்கள் கண்ணையே எரிக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கேட்க நியாயமாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவதுதான் முதல் பிழை.

போன முறை நான் எண்ண வெளிக்கிட்டேன். மாலை 6.30க்கு விறாந்தையில் கால்மணி நேரம் இருந்து, மேலில் வந்து குந்துகிற ஒவ்வொரு நுளம்புக்கும் கொப்பியில் ஒரு கோடு. வெடியெல்லாம் முடிந்து 9 மணிக்குத் திரும்பவும் இருந்தேன். கோடுகள் பாதிதான். அம்மம்மாவுக்குப் பெரிய புளுகம்.

பிறகுதான் உறைத்தது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிற சாதி. காலையிலும் பொழுதுபடுகிற நேரத்திலும்தான் அதற்கு மும்முரம். வெடியே இல்லாத நாளிலும் 9 மணிக்கு அது அடங்கியிருக்கும். அது போதாதென்று, இடையில் மாமி விறாந்தை மூலையில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருக்கிறா! குறைத்தது வெடியா, திரியா, நேரமா? என் கொப்பியை வைத்து ஒருத்தராலும் சொல்லேலாது.

வெடி இல்லாத நாலைந்து நாளும் அதே கதிரையில், அதே இரண்டு நேரத்தில், திரி இல்லாமல் எண்ணி, காற்றையும் மழையையும் பக்கத்தில் குறித்திருக்க வேண்டும். எவ்வளவு குறைந்தால் ‘ஓம்’ என்பது என்பதையும் எண்ண முதலே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் மனம் வளைத்துவிடும். வெறும் கைகாலைக் காட்டிக்கொண்டு இருந்ததும் மடைத்தனம்தான். நீளக் காற்சட்டை போடுங்கள்.

இன்னொன்று, குறைந்தது வேறு, செத்தது வேறு. புகைக்கு விலகின நுளம்பு விடியத் திரும்பி வரலாம், ஆகவே அடுத்த நாளும் எண்ண வேண்டும். சிரட்டைத் தண்ணீரில் நெளிகிற குடம்பி ஒரு கிழமைக்குள்ளேயே சிறகு முளைத்துப் பறந்துவிடும். அதை அழிக்கச் சிரட்டையைக் கவிழ்த்தால் போதும், வெடி தேவையில்லை.

வெடிச் சத்தத்துக்கு மழை வரும் என்ற கதையும் உண்டு. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. தீபாவளி அதற்குள்ளேதான் விழுகிறது. தீபாவளியை மட்டும் பார்த்தால் வெடி எப்போதும் வெல்லும். மழைக்காலத்துக்கு வெளியே வெடிக்கிற நாளும் வேண்டும்: யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கோயில் திருவிழாவான இந்திரவிழாவின் வாணவேடிக்கை சித்திரைப் பறுவத்தில். அதற்கு அடுத்த நாள் வானத்தையும் கணக்கில் சேருங்கள். ஞாபகத்தை நம்பாமல் கலண்டரில் குறியுங்கள். நனைந்து சீறாமல் போன சீனவெடிக் கட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காய்ந்த தீபாவளியை ஆர் கதைக்கிறது?