விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு முட்டை போதும்

வீட்டில் வாண்டுகள் இருந்தால் விதைப்புக்கு முன் இந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அப்புறம் கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வர, முட்டை மெல்ல எழும்பி, பழைய நாலணா அளவுக்கு அதன் தலை வெளியே தெரியும்போது உப்பை நிறுத்த வேண்டும். (பழைய முட்டை வேண்டாம், அது வெறும் தண்ணீரிலேயே மிதக்கும்.)

முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். மிதப்பது பதரும் அரைநெல்லும், அரித்து எடுத்துவிடலாம். மூழ்கிய நெல்தான் விதைக்கு. அதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும்.

மிதந்ததை அப்படியே கோழிக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்கு உப்பு அதிகமானால் ஆகாது.