அம்பாசிடருக்கு ஓர் அரிசி ஆலை

அப்பாவின் 1978 மாடல் அம்பாசிடரைப் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நிறுத்த வழியில்லை. காரைவிட உதிரி பாகங்கள்தான் பெரிய தொல்லை: கியர்பாக்ஸ், கதவுகள், பம்பர்கள், பெட்டி பெட்டியாகச் சில்லறைச் சாமான்கள். 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்ட வண்டி. எதையும் எடைக்குப் போட மனம் வராது.

நகருக்குள் ஒரு ஷெட்டுக்குக் கேட்டது வீட்டு வாடகை. ஆற்றோரமாக மலிவாகக் கிடைத்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவனுக்கு அது இனாமாகவும் வேண்டாம். கடைசியில் கைகொடுத்தது அம்பாசமுத்திரம் பக்கம் ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலை. மேடான இடம், சிமெண்ட் தரை, லாரி நுழையும் கதவு.

"உடைந்த ஓடுகளை என் செலவில் மாற்றித் தருகிறேன் அண்ணாச்சி, வாடகையைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். பாதியாகக் குறைத்தார். பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம்.

பழைய ஆலை என்றால் எலி நிச்சயம். வயரைக் கடித்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் எலெக்ட்ரீசியனுக்குத்தான். தவிட்டுச் சாக்குகளை முதலில் அப்புறப்படுத்தினேன். சைலன்சர் வாயில் கம்பி வலையைச் சுருட்டி அடைத்தேன். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டயர்கள் அழுந்தாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். மூடுவதற்குப் பருத்தித் துணிதான். பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். இரும்புச் சாமான்களுக்குக் கிரீஸ் தடவினேன். ரப்பரில் மட்டும் அது படக் கூடாது, உப்பிவிடும்.

வலையை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டும் கட்டியிருக்கிறேன்.