குறைந்த பட்ஜெட்டில் ஏர்கன்: டெல்டாவில் நாம் செய்யும் தவறுகள்

தை மாதம் அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணம் நிற்கிற நேரத்தில் எங்கள் மன்னார்குடிப் பக்கத்துப் பையன்களுக்கு ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, வாங்கும் ஆசை வந்துவிடும். போன வருஷம் அக்கா மகன் செல்போனை நீட்டினான். "மாமா, ஸ்கோப்போட சேர்த்து 9,000 தான். ஆயிரம் எஃப்.பி.எஸ். வாங்கிடவா?" ஸ்கோப் என்றால் குறி பார்க்கும் தொலைநோக்கி. எஃப்.பி.எஸ். என்றால் ரவை, அதாவது ஏர்கன் சுடும் சின்ன ஈயக் குண்டு, நொடிக்கு எத்தனை அடி போகிறது என்ற கணக்கு. எதுக்குடா என்றேன். "வயல்ல எலி, அப்புறம் மடையான், கொக்கு." அவனை உட்காரவைத்துச் சொன்னதையும் அதற்கப்புறம் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மடையான், கொக்கு. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் அதை வைத்துப் பறவை சுடலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியை வைத்திருப்பது ஒரு சட்டம், வேட்டை வேறொரு சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. உங்கள் சொந்த வயலில் இறங்கும் நாரைக்கும் உல்லானுக்கும் அது பொருந்தும். நாற்றை மிதிக்கிறது என்று மயிலைச் சுட்டால் நிலைமை இன்னும் மோசம். மயில் அந்தச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. காட்டுப்பன்றி வந்தாலும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டுமே தவிர நாமே சுடக் கூடாது. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. அங்கே இரவு தங்கும் பறவைகள் பகலில் மேய்வது நம் வயல்களில்தான். அவற்றின் மேல் ஒரு ரவைகூட விழக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எலி விஷயத்தில் ஏர்கன் வீண் செலவு. எலி ராத்திரியில் வரப்போரம் ஓடும். டார்ச்சும் துப்பாக்கியுமாக விடிய விடிய உட்கார்ந்தாலும் இரண்டு, மூன்று கிடைத்தால் பெரிய விஷயம். நம் ஊருக்கென்றே தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய பொறி. கிட்டி வைக்கிறவர் சாயங்காலம் வரப்பைப் பார்த்துக்கொண்டே நடந்து, எலி நடமாடும் தடத்தில் வைத்துவிட்டுப் போவார், காலையில் வந்து எடுப்பார். பயிர் வளர்ந்து நிற்கும்போது வயலில் ஆந்தை உட்கார நாலு கழி நட்டு வைத்தால் அது தன் பங்கைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னும் சிலர் ஒரேயடியாக 315 ரைஃபிளுக்கு, அதாவது நிஜத் தோட்டா சுடும் துப்பாக்கிக்கு, தாவுகிறார்கள். அதற்கு முதலில் லைசென்ஸ், பிறகுதான் விலை விசாரணை. விலைக்கு அப்பால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்டா முழுக்கத் தட்டை நிலம். தவறிய தோட்டாவைத் தாங்க ஒரு குன்று கிடையாது, வரப்புக்கு அப்பால் ஆள் நடவு நடுவார், அதற்கு அப்பால் தெரு. வேட்டையும் கூடாது எனும்போது அந்தத் துப்பாக்கிக்கு இங்கே வேலை இல்லை. விலை மலிவு என்று யாராவது நாட்டுத் துப்பாக்கி பேசினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் அது கடும் குற்றம், சுடுகிறவன் கையிலேயே வெடிப்பதும் உண்டு.

ஆக, ஏர்கன் வாங்குவது அட்டையில் குறி பார்ப்பதற்காகத்தான். அது சின்ன விஷயமில்லை. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் பதக்கங்கள் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்தப் போட்டி அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். சுடும் ரவையோ நாலரை மில்லிமீட்டர்.

இனி அந்த "ஆயிரம் எஃப்.பி.எஸ்." குறைந்த பட்ஜெட்காரர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலக் குழலுக்கு மேல் போனாலோ, ரவையின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அரை கிராம் ரவை நொடிக்கு ஆயிரம் அடி வேகத்தில் போனால் ஆற்றல் 23 ஜூலுக்கு மேல் வருகிறது. அரை கிராமுக்குச் சுமார் 925 அடிதான் எல்லை. அப்படியானால் விளம்பரம் பொய், இல்லை மிக லேசான ரவையை வைத்து அளந்தது, இல்லை சட்டத்தை மீறியது. போட்டித் துப்பாக்கிகளே நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் சுடுகின்றன, கணக்குப் போட்டால் ஏழெட்டு ஜூல். அதோடு, வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ரவை தள்ளாடும், குறி கெடும். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்துத்தான். .177-ஐவிட அகலமான .22 குழலைக் "கொஞ்சம் பவர் ஜாஸ்தி" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம்.

பிசிபி என்கிற காற்றுத் தொட்டி வகை நல்லதுதான், உதைப்பு இருக்காது. ஆனால் 200 பார் அழுத்தம் ஏற்ற வேண்டும். கார் டயருக்கு இரண்டு பாருக்குச் சற்று மேல்தான் ஏற்றுகிறோம். பஞ்சர் கடையில் அந்த வேலை நடக்காது, தனிப் பம்பு வாங்க வேண்டும். துப்பாக்கி விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பம்பை மறந்தவர்கள் பலர். 10,000 ரூபாய்க்குள் என்றால் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை போதும்.

அதை வாங்கும்போது வெளிப்பூச்சையும் கட்டையின் பளபளப்பையும் பார்க்காமல் குழலைப் பாருங்கள். நான் முதலில் வாங்கியதில் இதைத்தான் கோட்டைவிட்டேன். கடைக்காரர் சொன்னதை நம்பிச் சுட்டுப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒரே இடத்தைக் குறி பார்த்து ஐந்து ரவை சுட்டால் ஐந்தும் ஐந்து திசையில். மூன்று மாதம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு குழலை மடக்கி வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தபோது மூட்டில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தது. குழல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து உட்கார்ந்தால் குறி எப்படி நிற்கும்?

அதனால் கடையிலேயே ஆட்டிப் பாருங்கள். ரவை இல்லை, ஸ்பிரிங் ஏற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு குழலை மடக்கி, திறந்த பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே வரிகள் திருகலாக, ஒரே சீராக ஓட வேண்டும். கறுப்புத் திட்டு தெரிந்தால் துரு. முடிந்தால் 10 மீட்டரில் முட்டுக் கொடுத்து ஐந்து ரவை சுட்டுப் பாருங்கள். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் தைரியமாக வாங்கலாம். அடையாளச் சான்று கொடுத்து ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

ஸ்கோப் இலவசம் என்றால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிட்டு ஸ்கோப் இல்லாததைக் கேளுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், முன்னாலும் இழுக்கும். மலிவு ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் கண்ணாடி அந்த இரட்டை உதையில் நகர்ந்துவிடும். முதல் வருஷம் துப்பாக்கியோடு வரும் குறிமுனையிலேயே பழகுங்கள்.

மிச்சப்படும் பணத்தை ரவையில் போடுங்கள். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ரவைக்கு ஒதுக்கச் சொல்வேன். அட்டைக்குத் தட்டைத் தலை ரவைதான், ஓட்டை வட்டமாக, சுத்தமாக விழும். ஒரு டப்பா மொத்தமாக வாங்குமுன் இரண்டு, மூன்று வகையில் சின்ன டப்பா வாங்கி உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று பாருங்கள். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டுக்கு வேறு வேறு ரவை பிடிக்கும். விரலில் உருட்டினால் பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நெளிந்த ரவை தட்டுப்படும், அதைத் தனியே எடுத்துவிடுங்கள். ரவை இல்லாமல் வெறுமனே சுட்டு விளையாடவிடாதீர்கள், உள்ளே பிஸ்டன் முட்டி வாஷர் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுச் சுவரே வேர்க்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டு நெல் மூட்டைமேல் சாத்தி வைத்தால் இரண்டே வாரத்தில் நீங்கள் கைவைத்த இடத்தில் விரல்ரேகை அப்படியே துருவாக எழும்பியிருக்கும். சுட்டு முடித்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் வெளி இரும்பைத் துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எந்த எண்ணெயும் காற்றறைக்குள் போகக் கூடாது. போனால் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு படீரென்று வெடிக்கும், வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வைப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, எங்கே சுடுவது? தென்னை மரத்தில் அட்டையை ஆணியடித்துச் சுடுகிறார்கள். மரத்தில் பட்டு ரவை திரும்பி வரும். வாய்க்கால் தண்ணீரில் பட்டாலும் தெறிக்கும். நான் உரச்சாக்கில் ஆற்று மணல் நிரப்பி இரண்டு வரிசை அடுக்கி, அதன் முன்னால் அட்டையைக் கட்டுகிறேன். இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு நம் வயல்களில் வாத்து மேய்க்க வருவார்கள். வாத்து இரை செரிக்கச் சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கும். ஈய ரவை அதற்குக் கல் மாதிரிதான் தெரியும், விழுங்கினால் விஷம். அக்கா மகன் இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறான். சுட்டு முடித்ததும் சாக்கைப் பிரித்து மணலைச் சலித்து, ரவையை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அவன் அம்மா காபி கொடுப்பாள்.