பழைய இடுகாட்டில் கைவைக்கும் முன்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கறுப்பின மக்களின் இடுகாடுகளைப் பாதுகாக்க ஒவ்வொரு ஆண்டும் புதியவர்கள் வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த சொதப்பல்களையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கல்லில் சாயாதே, குழிமேல் நடக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

குப்பை என்று அள்ளுவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. உடைந்த தட்டு, கிளிஞ்சல், மருந்துக் குப்பி, ஓடாத கடிகாரம் எதுவுமே யாரோ கொட்டிவிட்டுப் போன குப்பை அல்ல. இறந்தவர் கடைசியாகப் புழங்கிய பொருட்களைக் குழிமேட்டில் வைப்பது அடிமைமுறைக் காலத்திலிருந்தே அங்கே வழக்கம். பலவற்றை வேண்டுமென்றே உடைத்து வைப்பார்கள். அப்படி உடைத்தால் வீட்டில் அடுத்த சாவு தொடராது என்பார்கள் சிலர். சில சாடிகளைக் குனிந்து பார்த்தாலே தெரியும்: உடம்பில் கீறல்கூட இருக்காது, அடியில் மட்டும் ஓட்டை. கைதவறி விழுந்தது அப்படி உடையாது.

ஒரு குழு இவற்றைக் குப்பையில்கூடப் போடவில்லை, அதைவிட மோசம். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மரத்தடியில் அளவு பார்த்து அடுக்கிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே பல குழிகளுக்குக் கல்லே கிடையாது. நீலப் பூப்போட்ட தட்டு கிடக்கும் இடம்தான் பாட்டியின் குழி என்று அடையாளம் வைத்திருந்த குடும்பம் வந்து நின்றது. தட்டு இருந்தது, இடம் தெரியவில்லை. அரைநாள் வேலைதான், திருத்த வழியே இல்லை.

முதலில் வரைபடமும் புகைப்படமும். அப்புறம் சந்ததியினருடன் பேச்சு. அதுவரை எதையும் நகர்த்தாதீர்கள்.

புல் விதைப்பது

செடி கொடி இல்லாமல் பெருக்கி வைத்த வெறும் மண்தரைதான் பல இடங்களில் முறை. கத்திபோல் நீண்ட இலையுள்ள யக்கா செடியையும் பிடுங்காதீர்கள். குழிக்கு அடையாளமாக நட்டதாக இருக்கலாம்.

பிளீச், கம்பி பிரஷ்

கல்லைச் சுத்தம் செய்ய இவை கூடவே கூடாது.

ரேடார் சொல்லிவிடும் என்று இருப்பது

தரையை ஊடுருவும் ரேடார் பெரும்பாலும் எலும்பைக் காட்டாது. தோண்டி மூடிய மண்ணின் மாறுபாட்டைத்தான் காட்டும். ஈரக் களிமண்ணில் அதுவும் மங்கல்.

பிரபலம் தேடி ஓடுவது

பாதுகாக்கத் தகுந்த இடங்களின் அரசுப் பட்டியலான அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில், விண்ணப்பித்தாலும் இடுகாடுகளைச் சாதாரணமாகச் சேர்ப்பதில்லை. தனிக்காரணம் காட்ட வேண்டும். உடனே எல்லோரும் புகழ்பெற்ற ஒருவரின் குழியைத் தேடுகிறார்கள். நியூயார்க்கில் 1991இல் மத்திய அரசுக் கட்டிடத்துக்காகத் தோண்டியபோது ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள்; இன்னார் என்று ஒருவரையும் சொல்ல முடியவில்லை. கிடைத்தவை ஒரு பெண்ணின் இடுப்பில் மணிச்சரம், ஒரு சவப்பெட்டி மூடியில் ஆணிகளால் அடித்த இதய வடிவம் போன்றவைதான். 2003இல் எல்லோரையும் மறுபடி அடக்கம் செய்தார்கள்; 2006இல் அந்த இடம் தேசிய நினைவிடமானது. உங்கள் விண்ணப்பத்திலும் எந்தக் குழிமேல் என்ன பொருள் இருந்தது, தலை எந்தத் திசையில், இத்தனை நாள் யார் பராமரித்தார்கள் என்பதை எழுதுங்கள்.