முதல் கிரேடு பியானோ: அந்த 14 மதிப்பெண்

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வின் 100 மதிப்பெண்ணில் மூன்று உருப்படிகளுக்குத் தலா 22, துணைத் தேர்வுகள் இரண்டுக்கும் தலா 10. மிச்சமிருக்கும் 14தான் டெக்னிக்கல் வொர்க்: ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது), ஆர்பெஜியோ (ஒரு கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), எக்சர்சைஸ் (சிறு பயிற்சித் துண்டு). பெற்றோர் யாரும் இதைப் பற்றி விசாரிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் எக்சர்சைஸ் பக்கங்களைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் திறப்பேன். ஒரு வருடம் நன்றாக வாசிக்கும் சிறுமி ஒருத்தி 86இல் நின்றாள். டிஸ்டிங்ஷனுக்கு 87 வேண்டும். டெக்னிக்கலில் அவளுக்கு 9. தவறு என்னுடையது. இப்போது முதல் உருப்படியோடு முதல் எக்சர்சைஸையும் சேர்த்தே தொடங்குகிறேன்.

ஸ்கேலை மனப்பாடமாக வாசிக்க வேண்டும். எக்சர்சைஸைப் புத்தகம் பார்த்து வாசிக்கலாம். எக்சர்சைஸின் மூன்று பிரிவுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைத் தயார் செய்கிறோம். ஒன்றைக் குழந்தை தானே தேர்ந்து வாசிக்கும், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்வாளர் கேட்பார். பிடிக்காததைத்தான் கேட்பார் என்று வைத்துக்கொண்டே பழக்குங்கள்.

முதல் பிரிவு ஒலியின் தன்மையையும் கைகளுக்கு இடையிலான சமநிலையையும் பார்ப்பது. மெட்டு வாசிக்கும் கை பாட வேண்டும், மற்றது அடங்கிப் போக வேண்டும். "இடது கையை அடக்கி வாசி" என்று சொன்னால் இரண்டு கையும் சேர்ந்தே அடங்கிவிடும். அதற்குப் பதில், இடது கை விரல்கள் கட்டைகளைத் தொட்டு அசையட்டும், ஒலி எழக் கூடாது. வலது கை மட்டும் ஒலிக்கட்டும். நான்கைந்து முறை இப்படிச் செய்த பிறகு இடது கைக்குக் கொஞ்சம் ஒலி கொடுங்கள். வீட்டில் இருப்பது அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறாத கீபோர்டு என்றால் இந்தப் பயிற்சி அங்கே நடக்காது. வகுப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரிவு கைகளின் ஒத்திசைவு. அதற்குப் பியானோவே வேண்டாம். தொடையில் தட்டியபடி "சேர்த்து, வலது, இடது, வலது" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாய் தடுமாறும் இடத்தில்தான் கையும் தடுமாறும்.

மூன்றாவது, விரலுக்கும் மணிக்கட்டுக்குமானது. புறங்கையில் நாணயம் வைத்து வாசிக்கச் சொல்லும் பழைய வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அது விழக் கூடாதே என்று குழந்தை கையையே இறுக்கிக்கொள்கிறது. நாம் கேட்பதோ நெகிழ்வு. குழந்தையின் முன்கையை உங்கள் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "முழுப் பாரத்தையும் என்னிடம் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொடுக்கத் தெரியாது. அது வந்த பிறகு ஸ்டக்காட்டோ (சுரங்களைச் சுருக்கி, விட்டு விட்டு வாசிப்பது) தானாகவே துள்ளும்.

ஸ்கேலில் விரல் எண்ணை (பியானோவில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) முதல் நாளே உறுதிசெய்துவிடுங்கள். சி மேஜரை 1 2 3 1 2 3 4 5 என்று பழகிய வலது கை, எஃப் மேஜரிலும் அதையே செய்யப் பார்க்கும். அங்கே நான்காம் விரல் கறுப்புக் கட்டையில் விழுந்த பிறகுதான் கட்டைவிரல் உள்ளே போக வேண்டும். வயலினும் கற்கும் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை: அவர்களுக்கு 1 என்றால் ஆள்காட்டி விரல்.

கடைசி இரண்டு வாரம் ஸ்கேல், எக்சர்சைஸ் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், பென்சிலால் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கிறுக்கல் சத்தத்துக்கே சிலர் நின்றுவிடுவார்கள்; அந்தத் தடுமாற்றம் என் அறையிலேயே நடந்து முடியட்டும். தேர்வு அறையில் ஏசி இருந்தால் விரல் விறைத்துப் போகும். உள்ளே அழைக்கும்வரை கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருக்கையின் உயரம் சரியில்லை என்றால் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே தேர்வாளரிடம் சொல்லலாம் என்பதையும் தெரியப்படுத்துங்கள். அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே ஒத்திகை பார்க்கிறோம்.